வடதுருவ ஒளியைக் காணவும் படமெடுக்கவும் சென்னையிலிருந்து புறப்படுவோர் கேட்கும் கேள்விகள்

நார்வேயின் வடகோடிக்கு இரண்டு முறை சென்று வந்திருக்கிறேன். முதல் முறை டிசம்பர் இறுதியில் மூன்று இரவுகள் தங்கி, ஒரே ஓர் இரவில் அரை மணி நேரம் மட்டும் ஒளியைப் பார்த்தேன். அடுத்த முறை செப்டம்பர் இறுதியில் ஐந்து இரவுகள் தங்கி, மூன்று இரவுகளில் பார்த்தேன். அந்தப் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து, வருகிற உறவினர்களும் நண்பர்களும் அலுவலகத்தில் உடன் பணியாற்றுவோரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். பெருந்தொகை செலவாகும் பயணம் என்பதால் அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை; அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அரோரா, நார்தர்ன் லைட்ஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது உண்மையில் என்ன?

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமியின் காந்தப்புலம் அந்தக் காற்றைத் தடுத்துத் திருப்பிவிடுகிறது என்றாலும், அந்த மோதலில் சேரும் ஆற்றல் எலெக்ட்ரான்களை முடுக்கி, காந்தப்புலக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளை நோக்கி இறக்குகிறது. அவை தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 300 கி.மீ. உயரத்தில் உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் மீது மோதும்போது, நியான் குழாயினுள் வாயு ஒளிர்வதைப் போல மேல்வானம் ஒளிர்கிறது.

நாம் மிகுதியாகக் காணும் பச்சை நிறம் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் உள்ள ஆக்சிஜன் தருவது. அதன் அலைநீளம் 557.7 நானோமீட்டர். 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிர்கிறது. திரை போலத் தொங்கும் இந்த ஒளியின் கீழ் விளிம்பில் சில நேரங்களில் ஓடும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைட்ரஜனால் வருபவை. இந்த ஒளி காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம் போல அமைகிறது. அந்த வளையத்துக்கு அடியில் எந்த ஊர் இருக்கிறது என்பதைத்தான் பயணத் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து பார்க்க முடியாதா? லடாக்கில் தெரிந்ததாகச் செய்தி வந்ததே?

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கிருந்து பார்க்க முடியாது. லடாக் செய்தி உண்மைதான். 2024 மே 10, 11 தேதிகளில் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும் மிகக் கடுமையான காந்தப் புயல் வீசியபோது, ஹான்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் சிவப்பு ஒளி பதிவாயிற்று. 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயிலிருந்துகூடத் துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு உண்டு. ஆனால் ஹான்லேயில் தெரிந்தது, வெகு தொலைவில் மிக உயரத்தில் நின்ற திரையின் சிவப்பு மேற்பகுதி மட்டுமே. தலைக்கு மேலே அசைந்தாடும் பச்சைத் திரை அன்று. இத்தகைய புயல் எப்போது வரும் என்று நாள் குறித்துப் பயணச்சீட்டு எடுக்க முடியாது.

நார்வே, ஐஸ்லாந்து, ஃபின்லாந்து, கனடா... எங்கே போவது?

வளையத்துக்கு அடியில் எல்லா ஊர்களுக்கும் ஒளி ஒன்றுதான், வேறுபடுவது மேகம். நார்வேயின் ட்ரோம்சோ நகரம் 69 டிகிரி வடக்கைத் தாண்டி இருந்தாலும், வெப்பமான கடல் நீரோட்டத்தால் குளிர் மிதமாக இருக்கும்; நல்ல விமான வசதியும் இரவுச் சுற்றுலா வேன்களும் உண்டு. கடலோரம் என்பதால் மேகமும் மழையும் அடிக்கடி வரும். அதற்கு நேர்மாறானது ஸ்வீடனின் அபிஸ்கோ. மேற்கிலுள்ள மலைகள் ஈரத்தை வடித்துவிடுவதால், தோர்னேதிரஸ்க் ஏரியின் மேலே வானம் பல இரவுகளில் திறந்திருக்கும். ஆனால் அது சிற்றூர், தங்குமிடங்கள் சிலவே. ஃபின்லாந்தின் ரோவனியெமி குழந்தைகளோடு செல்வோருக்கு ஏற்றது. ஆயினும் அது வளையத்தின் தென் விளிம்பில் இருப்பதால், ஒளிக்காகவே செல்வோர் இன்னும் வடக்கே இனாரி வரை போவது நல்லது.

ஐஸ்லாந்தின் நிலக்காட்சிக்கு ஈடில்லை, காற்றும் மேகமும் அங்கே கொஞ்சம் கூடுதல். கனடாவின் யெல்லோநைஃப் தெளிந்த வானத்துக்குப் பெயர் பெற்றது; அங்கே குளிர்காலத்தில் குளிர் மிகக் கடுமை. ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் செலவு குறைவு என்று பலர் கேட்கிறார்கள். இந்தியர்களுக்கு மின்விசா வசதி 2023 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லுபடியாவதில்லை. போர்ச் சூழலும் நீடிப்பதால் நம் அரசின் பயண அறிவுரையைப் படிக்காமல் முடிவெடுக்க வேண்டாம். முதல் பயணம் என்றால் நான் ட்ரோம்சோவையும் அபிஸ்கோவையும் சேர்த்தே சொல்வேன்: ஒரு பக்கம் மூடினாலும் மறுபக்கம் திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

எந்த மாதம் நல்லது? பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பரில்தானே வருகிறது?

கோடையில் அங்கே இரவே இருட்டாது என்பதால், ஆகஸ்ட் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் பருவம். டிசம்பரில் ட்ரோம்சோவில் சூரியன் உதிப்பதே இல்லை. நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அப்படித்தான். இருட்டு நிறைய கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கிறிஸ்துமஸ் கூட்டத்தால் அறை வாடகை ஏறியிருக்கும், பனிமழையும் மேகமும் சேர்ந்துகொள்ளும், பகலில் சில மணி நேர நீல வெளிச்சம் தவிர வேறு காட்சி இராது.

நம் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில் வருவதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி, பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றின் புலத்தோடு எளிதில் இணையும் நிலையில் இருப்பதால், காந்தப் புயல்கள் ஆண்டின் மற்ற காலத்தைவிட மிகுதியாக வருகின்றன. செப்டம்பர் இறுதியில் இரவு 9 மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். ஏரிகள் உறைந்திருக்காது என்பதால் தண்ணீரில் பிம்பமும் கிடைக்கும். பகல் வெப்பநிலை 5 முதல் 10 டிகிரி வரை இருக்கும். பனி மூடிய நிலத்தைப் படமெடுக்க விரும்புவோருக்கு மார்ச் முதல் பாதி பொருத்தம். டிசம்பரை விட்டால் வேறு வழியே இல்லாதவர்கள் தவிர மற்றவர்களுக்கு இந்த இரண்டையும்தான் பரிந்துரைக்கிறேன்.

எத்தனை இரவுகள் தங்கினால் நிச்சயம் பார்க்கலாம்?

நிச்சயம் என்பது கிடையாது. கணக்கு மட்டும் உண்டு. ஓர் இரவில் ஒளியும் தெளிந்த வானமும் சேர்ந்து அமைய 40 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே ஓர் இரவு தங்குபவர் ஏமாற 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூன்று இரவுகளில் அது ஏறத்தாழ 22 ஆகவும், ஐந்து இரவுகளில் 8 ஆகவும் குறைகிறது. மேகம் தொடர்ந்து பல நாள் நிற்கக்கூடும் என்பதால் உண்மையில் இவ்வளவு சீராகக் குறையாது; இருந்தாலும் போக்கு இதுதான். புதிய லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தை இன்னும் இரண்டு இரவுகளுக்குச் செலவிடுங்கள் என்று எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

விசாவும் விமானமும் எப்படி?

நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து நான்கும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசாவில் நான்குக்கும் போகலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக விடக் கூடாது. பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள் ஆகும், சிலருக்கு 45 நாள் வரை நீளலாம் என்பதால் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நிம்மதி. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

சென்னையிலிருந்து இந்த ஊர்களுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோகா, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்களில் ஒரு முறையும், ஆஸ்லோ, ஹெல்சின்கி போன்ற தலைநகரங்களில் இன்னொரு முறையும் மாறுவது வழக்கம். உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்க்கையும் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட அனுமதி இல்லை.

குளிரைத் தாங்க முடியுமா? ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதாதா?

போதாது. நடக்கும்போது தெரியாத குளிர், முக்காலியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கும்போது எலும்புவரை ஏறும். உடலை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, அதன் மேல் தடித்த ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத அங்கி என்று மூன்று அடுக்கு வேண்டும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

காலணி ஓர் எண் பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறைகளை இறுக்கிப் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துவிடும். கைக்கு மெல்லிய உள்ளுறையும், அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறையும் போட்டுக்கொண்டால், பித்தானை அழுத்தும் நேரத்துக்கு மட்டும் மேலுறையைக் கழற்றலாம். கடுங்குளிர் மாதங்களில் இரவுச் சுற்றுலா நடத்துவோர் பலர் முழு உடல் குளிராடையும் காலணியும் இரவலாகத் தருகிறார்கள், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சமையலறை உள்ள தங்குமிடத்தைப் பிடித்துவிட்டால் கவலை இல்லை. அரிசி, பால், தயிர், காய்கறி எல்லாம் அங்கேயே கடைகளில் கிடைக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, அவல் ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். பால், இறைச்சி சார்ந்த பொருள்களை வெளிநாட்டிலிருந்து எடுத்துவர அங்கே தடை உண்டு; ஆகவே நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. நம் மூன்று முனை பிளக் அங்குள்ள சுவரில் பொருந்தாது என்பதால் அடாப்டர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டலாமா?

செப்டம்பரில், வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர் என்றால் ஓட்டலாம். நவம்பர் முதல் மார்ச் வரை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாலையில் கண்ணாடி போல் உறைந்திருக்கும் பனிக்கட்டி இரவில் கண்ணுக்குத் தெரியாது. மானினங்கள் குறுக்கே வரும். போதாததற்கு ஓட்டுபவரின் கண் வானத்தின் மேலேயே இருக்கும். நம் ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் அந்த அனுபவம் பனிக்கட்டியில் உதவாது.

செயலியில் கேபி 2 என்று காட்டுகிறது. அன்றிரவு வெளியே போவது வீண்தானே?

இல்லை. கேபி (Kp) என்பது பூமி முழுவதற்குமான காந்தக் குலுக்கத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை மதிப்பிடும் எண். அது உயர உயர வளையம் தெற்கே விரியும். ஏற்கெனவே வளையத்துக்கு அடியில் இருக்கும் ட்ரோம்சோவிலும் அபிஸ்கோவிலும் கேபி 1, 2 என்றாலும் நல்ல காட்சி கிடைக்கும். கேபி 5 ஆக இருந்து மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே முதலில் மேக வரைபடத்தைப் பாருங்கள், பிறகு கேபியைப் பாருங்கள்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்புவோர் பிஇசட் (Bz) என்ற எண்ணைக் கவனிக்கலாம். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால் அது குறை எண்ணாகக் காட்டும். மைனஸ் 5-க்குக் கீழே சிறிது நேரம் நின்றால் காலணியை மாட்டிக்கொள்ளலாம். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில், எல்1 என்னும் இடத்தில் நிற்கும் விண்கலங்கள் இதை அளக்கின்றன. விநாடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து நம்மை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நமக்குக் கிடைக்கும் உறுதியான முன்னறிவிப்பு அவ்வளவுதான். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலமும் அதே இடத்தைச் சுற்றித்தான் சூரியக் காற்றை ஆராய்கிறது. அது ஏவப்பட்டபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

படத்தில் உள்ளது போல் கண்ணுக்கும் பச்சையாகத் தெரியுமா?

ஒளி வலுவாக இருந்தால் பச்சை நன்றாகவே தெரியும், கீழ் விளிம்பின் இளஞ்சிவப்பும் தெரியும். மங்கலாக இருந்தால் வெளிறிய சாம்பல் மேகம் போலத்தான் இருக்கும். இருட்டில் வேலை செய்யும் நம் விழிச்செல்களுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. கேமரா பல விநாடி ஒளியைச் சேர்த்துக்கொள்வதால் அதற்கு நிறம் கிடைத்துவிடுகிறது. வடக்கே ஒரு மெல்லிய வெண்பட்டை கிழக்கு மேற்காக வளைந்து நின்றால் மேகம் என்று தள்ளிவிடாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பச்சையாக வந்தால் அதுதான். என் முதல் பயணத்தில் ஒரு குடும்பம் அந்தப் பட்டையை மேகம் என்று எண்ணி அறைக்குத் திரும்பிவிட்டது. பத்தே நிமிடத்தில் அது வானம் முழுதும் விரிந்தது.

என்ன கேமரா வேண்டும்? செல்பேசி போதாதா?

நினைவுக்கு ஒரு படம் போதும் என்றால், இரவுப் படமெடுக்கும் வசதியுள்ள செல்பேசியைச் சிறு முக்காலியில் பொருத்தினாலே நன்றாக வரும். கையில் பிடித்து எடுத்தால் வராது. பெரிதாக அச்சிட விரும்புவோருக்கு, எல்லாவற்றையும் கையால் அமைக்கக்கூடிய கேமரா, 14 முதல் 24 மி.மீ. வரையிலான அகலக் கோண லென்ஸ், அது எஃப்/2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறப்பதாக இருத்தல், காற்றுக்கு ஆடாத முக்காலி ஆகியவை வேண்டும். ஆடாத முக்காலியும் பழைய கேமராவும் இருந்தால் ஆடும் முக்காலியும் புதிய கேமராவும் வைத்திருப்பவரைவிட நல்ல படம் எடுக்கலாம்.

அளவுகளை எப்படி வைப்பது?

எஃப்/2.8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, எட்டு விநாடி என்று தொடங்குங்கள். ஒளி மங்கலாக அசையாமல் நின்றால் ஐஎஸ்ஓவை 3200 ஆக்கி 15 விநாடி வரை போகலாம். திரை வேகமாக ஆடத் தொடங்கினால் ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் எடுக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்புகள் எல்லாம் கரைந்து பச்சைக் குழம்பாகிவிடும். நட்சத்திரங்கள் கோடாகாமல் இருக்க 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுக்கும் விதி பலருக்குத் தெரியும். 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி என்று அது சொன்னாலும், துருவ ஒளிக்கு அது மிக நீளம்.

ரா (RAW) என்னும் பதப்படுத்தாத கோப்பு வடிவத்தில் எடுங்கள். வெண்சமநிலையை (நிறச்சாயலைச் சரிசெய்யும் அளவு) 3500 முதல் 4000 கெல்வின் வரை நிலையாக வையுங்கள். இரண்டு விநாடித் தாமதத்தில் அழுத்துங்கள். இருட்டில் பின்திரை எப்போதும் பிரகாசமாகவே தோன்றும் என்பதால் அதை நம்பாமல் ஒளிப்பரவல் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் படம் மங்கலாக வருகிறதே?

காரணம் பெரும்பாலும் ஃபோகஸ். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, அபிஜித் (வேகா) போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பி, அங்கேயே இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடுங்கள். டிசம்பர் பயணத்தில் நான் டேப் ஒட்டாமல் விட்டேன். கையுறை உரசி வளையம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. அந்த அரை மணி நேரத்தில் எடுத்த 140 படங்களில், நகர்வதற்கு முன் எடுத்த பதினொன்று மட்டுமே தேறின.

அடுத்தது ஃபில்டர். லென்ஸின் முன்னால் புறஊதா ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். முதல் கேள்வியில் சொன்ன பச்சை ஒளி ஒரே அலைநீளம் கொண்டது என்பதால், தட்டையான கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே பட்டுத் தெறித்து, படத்தின் நடுவில் வட்ட வட்டமாக வளையங்களை உண்டாக்கும். பிறகு அதை நீக்குவது மிகக் கடினம்.

மூன்றாவது, ஈரம். மே மாதத்தில் ஏசி அறையிலிருந்து தெருவில் கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே வெளியிலிருந்து வெப்பமான அறைக்குள் நுழையும்போது கேமராவின் உள்ளும் புறமும் அப்படிப் படியும். வெளியில் நிற்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பைக்குள் வைத்து மூடி, அறைக்குள் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். நினைவட்டையை முன்பே எடுத்துக்கொள்ளலாம். குளிரில் பேட்டரி விரைவில் தளரும். உதிரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டிலேயே வைத்திருங்கள்; தளர்ந்த பேட்டரியும் சூடேறினால் மீண்டும் சிறிது நேரம் உழைக்கும்.

பௌர்ணமியில் போனால் தெரியாதா?

தெரியும், மங்கலான ஒளி மட்டும் அடிபட்டுப்போகும். அரை நிலவு இருந்தால் மலையும் பனியும் மெல்ல வெளிச்சம் பெறுவதால் படத்துக்கு நல்லதே. டிசம்பர் பௌர்ணமி நிலவு அங்கே மறையாமல் இரவெல்லாம் உயரத்தில் சுற்றிவரும். செப்டம்பர் வளர்பிறையின் முதல் பாதியோ அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்தே செல்லும், தொந்தரவு இல்லை. வீட்டு நாட்காட்டியில் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

சூரியனின் உச்சகாலம் 2024-லேயே முடிந்துவிட்டது என்கிறார்களே, இனிப் போவது வீணா?

சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது. உச்சகாலத்தை எட்டிவிட்டதாக நாசாவும், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. உச்சம் முடிந்ததும் ஒளி அணைந்துவிடுவதில்லை. 2003 அக்டோபர் இறுதியில் வீசிய மாபெரும் புயல்கள், அந்தச் சுழற்சியின் உச்சம் கடந்த பின் வந்தவையே. இறங்குமுக ஆண்டுகளில் சூரியனின் வெளி வளிமண்டலத்தில் உள்ள ஒளிவளையத் துளைகளிலிருந்து (கொரோனல் ஹோல்) வேகமான காற்று, 27 நாளுக்கு ஒருமுறை சூரியன் சுழன்று வரும்போதெல்லாம் திரும்ப வீசும். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பார்க்க நினைப்பவருக்குத்தான் உச்சகாலம் வேண்டும். வளையத்துக்கு அடியில் நிற்பவருக்கு எந்த ஆண்டும் உகந்ததே.

வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

குளிரைவிட வழுக்கல்தான் ஆபத்து. செப்டம்பரில் அழைத்துப் போங்கள். குளிர்காலம் என்றால் காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டையை வந்திறங்கிய அன்றே வாங்கிக் கொடுங்கள். ஒளி பெரும்பாலும் இரவு 10 முதல் 1 மணிக்குள் ஓங்கும். அது நம் உடல் கடிகாரத்துக்கு விடியற்காலை. பிற்பகலில் உறங்க வைத்துவிட்டு, வாசலிலிருந்தே வடக்கு வானம் தெரியும் ஊர்ப்புற விடுதியில் தங்கினால், ஒளி வந்த பிறகு எழுப்பினால் போதும்.

எல்லா இரவும் மேகம் என்றே முன்னறிவிப்பு காட்டினால்?

ஊருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். நார்வே வானிலைத் துறையின் யர் தளத்தில் மேக மூட்டத்தை மணிவாரியாகப் பார்க்கலாம். கடலோரம் மூடியிருக்கும்போது மலைக்கு அப்பால் உள்நாட்டில் திறந்திருப்பது வழக்கம். நல்ல வேன் ஓட்டுநர்கள் வானத்தைத் தேடி எல்லை தாண்டியும் போவார்கள். கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

செப்டம்பர் பயணத்தின் நான்காம் இரவு ட்ரோம்சோவில் மழை. ஓட்டுநர் 160 கி.மீ. தள்ளி ஃபின்லாந்தின் கில்பிஸ்யார்வி ஏரிக்கரைக்கு வண்டியைக் கொண்டுபோனார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேகத்தின் விளிம்பு கத்தரித்தாற்போல முடிந்தது. கரையோரக் கற்களின் மேல் முக்காலியை நிறுத்தி, ஒட்டிய டேப்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எடுத்த முதல் படத்தில், மேலே ஒரு பச்சை வளைவும் தண்ணீரில் ஒரு பச்சை வளைவும் பதிந்திருந்தன. விடியும் நேரத்தில் திரும்பியபோது ட்ரோம்சோவில் இன்னும் தூறிக்கொண்டிருந்தது.